பரிசத்துக்குப் போன பெரிய டயர்கள்

டயர் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி நம் முதலாளி தவுக்கே கேட்டார். மாசாய் ஊர்க் கடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு நிறையத் தெரிந்திருக்கும் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நான் சரியாகச் செய்த வேலை ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. சரியாகச் செய்த வேலை சாலையேறிப் போய்விடும், அதோடு சரி. தப்பாகச் செய்ததுதான் மறுநாள் காலையில் கடை வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் தப்புகள்தான். வாடிக்கையாளரின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியவன் நான். இன்னொருவர் காரைச் சுத்தமாகத் துடைத்துப் பளபளவென்று வைத்த பிறகு, அவர் கேட்டது பக்கத்துக் காருக்குக் காற்று என்று தெரிந்துகொண்டவனும் நான்தான்.

ஜாக்கை எங்கே வைப்பது, நட்டை எப்படி முடுக்குவது என்பதையெல்லாம் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன்.

சின்ன எஸ்யூவிகள் மாசாயில் பெருகிய காலம் அது. வாங்கியவர்களில் பாதிப் பேர் முதல் மாதமே நம்மிடம் வந்து, "டயர கொஞ்சம் பெருசா போடலாமா?" என்று கேட்பார்கள். வண்டிக்கு உயரம் வேண்டும் என்பார்கள். பாதி நேரம் உயரம் வேண்டியிருப்பது வண்டிக்கு அல்ல. நான் ஐந்தடி மூன்று அங்குலம், அந்த ஆசை எனக்குப் புரியும். உயரத்தில் விட்டதை நான் இடுப்புச் சுற்றளவில் பிடித்துவிட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு அது தேவைப்படும்.

திலகாவின் விஷயம் வேறு. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அப்பா இல்லை. அம்மாவையும் தம்பியையும் ஓவர்டைம் பார்த்துக் காப்பாற்றியவர். அந்த எஸ்யூவிதான் அந்தக் குடும்பத்தின் முதல் புதுக் கார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழம பாலோவுக்குப் போறோம். தம்பிக்குப் பரிசம் போடறோம். அதுக்குள்ள டயர் மாத்தணும்."

"இருக்கற டயருக்கு என்னம்மா? புதுசாத்தானே இருக்கு."

"பொண்ணு வீட்டுக்குச் செம்மண் ரோடுண்ணே, செம்பனைத் தோட்டத்து வழியா. வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி தண்ணிக் குழாய் போட்டு மேடாக்கி வச்சிருக்காங்க. பொண்ணு பாக்கப் போனப்ப வண்டி வயித்த இடிச்சு அந்த மேட்டு மேலயே உக்காந்துருச்சு. பொண்ணு வீட்டு ஆம்பளைங்க வந்து தள்ளி விட்டாங்க. பொண்ணோட தாய்மாமா சிரிச்ச சிரிப்பு இருக்கே, இன்னும் எனக்குக் காதுல கேக்குது."

தம்பிக்கு இதற்கு முன்னால் இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிருந்தது. இது மூன்றாவது. அம்மாவுக்குச் சகுனத்தில் நம்பிக்கை அதிகம் என்றும் திலகா சொன்னார். இந்தத் தடவை மேட்டில் இடிக்காமல், நிற்காமல், நேராக வாசலில் போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

இங்கே நம் கடையின் பழைய பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரிய டயர் போட்டால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்போம். நுழைந்தால் வண்டி போகலாம். என் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம் மாதிரி இருக்கும். மற்றவர்களின் மூன்று விரலுக்கு என் இரண்டு விரல் சமம், ஆகவே நான் பார்த்தால் கூடுதல் பாதுகாப்பு என்று எனக்கு ஒரு பெருமை.

அலைன்மென்ட் மேசையில், பாக் சிக் என்று எல்லாரும் கூப்பிடும் மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். நான் பேசுவதால் அவருக்கு வாய்ப்பும் கிடைக்காது. நான் ரிம்மோடு சேர்த்து இரண்டு சைஸ் பெரிய டயரை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, "சத்து சைஸ் சுக்குப் லா" என்றார். ஒரு சைஸ் பெரிதே போதும் என்கிறார். பிறகு, "பெராப்பா ஓராங் நாயிக்?" என்று கேட்டார். எத்தனை பேர் ஏறுவார்கள்?

கேள்வி திலகாவுக்கு. திலகா கடைக்கு வெளியே கைப்பேசியில் பூக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பதில் சொன்னேன்: "ஒரு ஆள்தான் பாக் சிக், வேலைக்குப் போய் வர்ற வண்டி."

பாருங்கள், பரிசத்துக்குப் போகிறோம் என்று அவர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பரிசத்துக்கு யாராவது தனியாகப் போவார்களா? என் காது கேட்டது, ஆனால் மனது அந்தப் புது ரிம்மின் மினுமினுப்பில் இருந்தது.

மாட்டினேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன், இடிக்கவில்லை. நாலு சக்கரத்திலும் என் வாழைப்பழங்களை விட்டுப் பார்த்தேன், நுழைந்தன. தனியாக ஓட்டிக் கடைவரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், சத்தமில்லை. திலகா தள்ளி நின்று பார்த்தார். வண்டி புதுச் செருப்புப் போட்ட மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"பழைய டயர் இங்கயே இருக்கட்டும்ணே, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன். இந்தத் தடவ இடிக்காதுல்ல?"

"என்னம்மா நீங்க, நான் பாத்துட்டேன்ல."

நான் பார்த்துவிட்டேன் என்பது நம் தொழிலில் மிகவும் ஆபத்தான வாக்கியம். நான் அதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடை திறக்குமுன் பசியாறப் போகலாம் என்று பாக் சிக் தன் காரில் கூப்பிட்டார். அவருடையதும் சின்ன எஸ்யூவிதான். முன் இருக்கையில் அவருடைய கருவிப் பெட்டி இருந்ததால் நான் பின்னால் ஏறினேன். ரொட்டி சானாய் கடைக்கு முன்னால் நிறுத்தினார். நான் இறங்கினேன். இறங்கிக் கதவைச் சாத்தும்போது, கீழே பின் சக்கரத்தைத் தற்செயலாகப் பார்த்தேன்.

வண்டி மேலே எழுந்தது.

கேலியாகச் சொல்லவில்லை. நான் இறங்கியதும் அந்த வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி மெதுவாக எழுந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்போதுதான் இடைவெளி திறந்தது. என் ஒரு ஆள் கனத்துக்கே அத்தனை. பரிசம். அம்மா, தம்பி, இன்னும் யார் யாரோ. சீர்த்தட்டு, பழம், தேங்காய். இரண்டு விரல் நுழைந்தது காலி வண்டியில்.

"அலமாக், போச்சே" என்றேன். பாக் சிக் என்னைப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமையே கேட்டவர் அவர்.

திலகாவைக் கூப்பிட்டேன். தம்பி எடுத்தான்.

"அண்ணே, நீங்களா? அக்கா ஓட்டறாங்க. ஹைவேல இருக்கோம். வண்டி சூப்பரா நிக்குதுண்ணே."

"எத்தன பேருப்பா இருக்கீங்க?"

"அஞ்சு பேரு. சித்தப்பா, சித்தி, அம்மா பின்னாடி. தட்டெல்லாம் பூட்ல, சாமான் வைக்கிற எடத்துல."

"சத்தம் ஏதும் வருதா?"

கொஞ்சம் யோசித்தான். "கர்ர்னு ஒன்னு வந்துச்சு. அம்மா பசியாறாம கெளம்பிட்டாங்க, அவங்க வயித்துல இருந்து வருதுன்னு நெனச்சோம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "என் வயித்த எதுக்குடா இழுக்கிற?"

"எப்ப எப்பப்பா வருது?"

"பள்ளத்துல எறங்கறப்ப. வளைவுல கொஞ்சம். சித்தப்பா பாட்டைக் கூட்டி வைக்கச் சொன்னாரு. வச்சோம். இப்பக் கேக்கல."

சித்தப்பாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் சொந்த வண்டியின் பாதி கோளாறுகளை நானும் பாட்டுப் போட்டுத்தான் சரிசெய்திருக்கிறேன். "அடுத்த ஓய்விடத்துல மெதுவா நிறுத்தச் சொல்லு. பின் டயரு மேல் பக்கத்தப் படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

பத்து நிமிடத்தில் படம் வந்தது. மட்கார்டின் உள்மடிப்புத் தகரம் டயரின் வெளி ஓரத்தைச் சுற்றிலும் சீவியிருந்தது. கத்தி வைத்துக் கோடு போட்ட மாதிரி பளபளவென்று ஒரு வளையம். இன்னும் ஆழமாகப் போகவில்லை. படம் வந்த கையோடு திலகா கூப்பிட்டார். பின்னணியில் அம்மா, "மொத ரெண்டு எடமும் இப்படித்தான் வழியிலயே தட்டுச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பன்னெண்டு மணிக்கு நல்ல நேரம் முடியுது. அம்மா இப்பவே தடங்கல்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. ஒரே வார்த்தையில சொல்லுங்க. போலாமா, போகக் கூடாதா?"

தம்பிமாரே, தங்கைமாரே, இந்தக் கேள்விக்கு முன்னால் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த டயர் பாலோவரைக்கும் தாங்கியிருக்குமா? தாங்கியிருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வெடித்தே தீரும் என்று தெரிந்தால் நிறுத்தச் சொல்வது சுலபம், யாரும் சொல்வார்கள். தாங்கினாலும் தாங்கும் என்கிற இடத்தில்தான் நாக்கு வழுக்கும். "மெதுவா போங்கம்மா, ஒன்னும் ஆகாது" என்ற வாக்கியம் என் வாயில் முழுசாகத் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பரிசம் நேரத்துக்கு நடக்கும், அம்மாவுக்குச் சகுனம் கெடாது, என் பெயரும் கெடாது. எல்லாருக்கும் நல்லது, அந்த ரப்பர் தாங்கினால்.

எதிரில் பாக் சிக் தே தாரிக் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் தே தாரிக்கைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை. காரின் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார் போலிருந்தது.

"போகக் கூடாதும்மா" என்றேன். "தப்பு என்னோடது. ஆள் ஏத்திப் பாக்காம குடுத்துட்டேன். உங்க பழைய டயரு நாலும் ரிம்மோட கடையில இருக்கு. எடுத்துட்டு வர்றேன். எறங்கி அம்மாவுக்குப் பசியாற வாங்கிக் குடுங்க."

"நேரம், அண்ணே."

"நேரத்துக்கு நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

எப்படி என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது.

கடை வேனில் நாலு சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டு பாக் சிக்கும் நானும் போய்ச் சேர்ந்தபோது, அந்தக் குடும்பம் ஓய்விடத்தின் நிழலில் வரிசையாக நின்றிருந்தது. பட்டுச் சட்டையில் தம்பி. கையில் பூக்கூடையோடு சித்தி. கல் பெஞ்சில் அம்மா. அம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கீழே வர அதிக நேரம் ஆகவில்லை.

"இவருதானா அது?"

"ஆமாம்மா" என்று திலகாவும் நானும் சேர்ந்தே சொன்னோம்.

பாக் சிக் மூன்று சக்கரம் மாற்றினார். நான் ஒன்று மாற்றினேன், நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க நின்றேன். சித்தப்பா குனிந்து நின்று எங்கள் இருவருக்கும் ஆலோசனை சொன்னார். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை கொடுக்க வந்தான். "கறுப்புக் கையோட போய் மோதிரத்த நீட்டுவியா, தள்ளி நில்லுடா" என்று திலகா விரட்டினார். பத்து மணிக்கு வேலை முடிந்தது. கனம் குறையட்டும் என்று தட்டுகளையெல்லாம் வேனுக்கு மாற்றினோம். கழற்றிய பெரிய டயர்களின் மேல் சாக்கை விரித்து, அதன் மேல் ஏழு தட்டு. வேனுக்குள் அடித்த ரப்பர் வாடைக்குச் சித்தி பன்னீர் தெளித்தார். ரப்பரும் பன்னீரும் கலந்த வாடை எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

திலகா கார்க் கதவைத் திறந்துவைத்தார். "ஏறுங்கம்மா, சரியாயிருச்சு."

அம்மா வேனைப் பார்த்து நடந்தார். "நான் இவரு கூட வர்றேன். தப்பு பண்ணவரு இன்னைக்கு ஜாக்கிரதையா ஓட்டுவாரு."

பாக் சிக் திலகாவின் காரில் ஏறிக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் அம்மா. குளுவாங் ஊரைத் தாண்டினோம். அம்மா சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி, எதுக்குப் போன் பண்ணீங்க? பண்ணாம இருந்தா நாங்க பாட்டுக்குப் போயிருப்போமே."

"டயர் போயிருந்தா என்னம்மா பண்றது?"

"போயிருந்தா ரோடு சரியில்லன்னு சொல்லியிருப்போம். பழி ரோட்டு மேல. இப்பப் பாருங்க, பழி உங்க மேல."

"ஆமாம்மா."

"சம்பளம் வாங்கற எடத்துல திட்டுவாங்களா?"

"நாளைக்குக் காலையில திட்டுவாங்க."

அம்மா மடியிலிருந்த பையைத் திறந்தார். "முறுக்கு இருக்கு, சாப்பிடறீங்களா? சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோறது. ஒன்னு கொறஞ்சா தெரியாது."

நான் மூன்று சாப்பிட்டேன்.

செம்மண் சாலையில் திரும்பியபோது மணி பதினொன்று இருபது. முன்னால் போன திலகாவின் கார் அந்த மேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. நானும் வேனை ஓரமாக நிறுத்தினேன். திலகா இறங்கி மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய டயர், பழைய உயரம், அதே மேடு. அந்தப் பெண் இரண்டு மாதமாக நினைத்துவைத்திருந்த ஒரே ஆசையை நான் கழற்றி என் வேனில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எல்லாரும் எறங்குங்க" என்றார். "தட்ட எடுங்க. நடந்து போலாம்."

மாப்பிள்ளை தட்டுத் தூக்கக் கூடாது. மீதி நாலு பேருக்கு ஏழு தட்டு. சித்தப்பா என் கையில் இரண்டைக் கொடுத்தார். நான் கடைச் சட்டையில் கையை மூன்று முறை துடைத்து, கைக்குட்டையை விரித்து, அதன் மேல் தட்டைப் பிடித்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவே அம்மா முன்னால் நடக்க, நாங்கள் வரிசையாகப் போனோம். பின்னால் காலி வண்டியைப் பாக் சிக் மேட்டில் மெதுவாக ஏற்றி இறக்கினார். ஆள் இல்லாத வண்டி எங்கும் படாமல் தாண்டியது.

வீட்டிலிருந்து யாரோ பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்தத் தாய்மாமா. அவர் எங்கள் வரிசையை ஒரு முறை முழுக்கப் பார்த்தார்.

"அப்படி வாங்க. இதுதான் முறை" என்றார். "இப்பல்லாம் வாசல் வரைக்கும் கார கொண்டாந்து, பூட்ட தொறந்து, கோழிக்கடையில சாமான் எறக்கற மாதிரி தட்ட எறக்கறாங்க. சீருன்னா நடந்து கொண்டாரணும்."

திலகா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எங்க வீட்ல அப்படித்தான் மாமா" என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது மோதிரம் போட்டார்கள். பாக் சிக்குக்குத் தனியாக இடம் போட்டு உட்காரவைத்தார்கள். என்னை மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா என்று நினைத்துப் பெண்ணின் அத்தை இரண்டு முறை பாயசம் ஊற்றினார். நான் திருத்தவில்லை.

தவுக்கே திங்கட்கிழமை திட்டியது தனிக் கதை, அதை அவரே உங்களுக்கு நடித்துக் காட்டுவார். அந்த வாரம் முழுக்க நான் பயந்தது வேறு எதற்கோ. திலகா வருவாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்து திட்டுகிற வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தலாம். வராமலே போகிறவரை என்ன செய்வது?

சனிக்கிழமை வந்தார். தனியாக அல்ல. காரில் அம்மா, தம்பி, சித்தப்பா. கார் பூட்டின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு மூட்டை அரிசியும் ஒரு பெட்டி குடிதண்ணீர்ப் போத்தல்களும் இருந்தன.

"அந்தப் பெரிய டயர நீங்களே வச்சுக்குங்கண்ணே. பாக் சிக் சொன்ன மாதிரி ஒரு சைஸ் பெருசு போடுங்க. கல்யாணத்துக்குள்ள இன்னும் நாலஞ்சு தடவ பாலோ போகணும், ஒவ்வொரு தடவையும் நடக்க முடியாது. ஆனா இன்னைக்குக் காலி வண்டிய அளக்காதீங்க. இவங்களையும் இந்த மூட்டையையும் வச்சு அளந்து பாருங்க. நான் இவங்களோடதான் போவேன்."

முப்பத்தொரு வருடத்தில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. பெரிய டயர் போட்டால் உங்களை ஏன் பின் இருக்கையில் மூன்று மூன்று பேராக ஏற்றி உட்காரவைத்து வேகத்தடையில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தது நானோ பாக் சிக்கோ தவுக்கேயோ இல்லை. பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு பெண். வண்டியை மட்டும் அளந்தால் போதாது, அதில் ஏறுகிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்காக நீங்களே பதில் சொல்லாதீர்கள். தப்பு தெரிந்தால், அவர்கள் சாலையில் இருக்கும்போதே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டயரை மாட்டி ஜாக்கை இறக்கினேன். எல்லாரும் ஏறினார்கள். திலகா ஸ்டியரிங்கில், தம்பி பக்கத்தில், பின்னால் சித்தப்பாவும் அம்மாவும். நான் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கஷ்டப்பட்டுக் குனிந்தேன். அம்மா கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, எந்திரிங்க. நீங்க அளக்க வேணாம்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. "சரிம்மா, பாக் சிக்கையே பாக்கச் சொல்றேன்."

"அவரே பாக்கட்டும். நீங்க வந்து இப்படி உள்ள உக்காருங்க." நகர்ந்து இடம் விட்டு, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். "கல்யாணத்துக்கு நீங்களும்தான் வர்றீங்க. உங்களையும் ஏத்தித்தானே அளக்கணும்."

ஏறி உட்கார்ந்தேன். வண்டி நன்றாகவே தாழ்ந்தது. வெளியே பாக் சிக் குனிந்து இரண்டு விரலை உள்ளே விட்டார். விரல்கள் நுழைந்தன. சிரிக்காமல், போகலாம் என்று தலையை ஆட்டினார்.